ஏரியும் புகைபோக்கியும் ஒரே படத்தில்

தாம்பரம் வட்டாரத்தைப் புகைப்படத்தில் பதிவு செய்வது பற்றிச் சில எண்ணங்கள்

வரவை மட்டும் எழுதி வைத்த புத்தகத்தைக் கணக்குப் புத்தகமென்று எவரும் ஒப்புவதில்லை. செலவை மட்டும் எழுதி வைத்தாலும் அவ்வாறே. இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று ஒன்றையொன்று சரிபார்க்கும்போதுதான் கணக்கு என்னும் பெயர் அதற்குப் பொருந்துகிறது. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு இதனை எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஆனால் இதே நியதி புகைப்படத்துக்கும் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சங்க அலுவலகங்களின் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளைப் பாருங்கள். ஒன்றில் பனைமரங்கள் சூழ்ந்த ஏரி. கரையில் மேயும் பசு. வானத்தில் கொக்குக் கூட்டம். அருகில் மற்றொன்றில் பளபளக்கும் ஆலைக் கட்டடம். வரிசையாக நிற்கும் லாரிகள். புன்னகை பூக்கும் தொழிலாளர்கள். முதற்படத்தை எடுத்தவர் ஏரிக்கு அப்பால் இருந்த புகைபோக்கியைச் சாமர்த்தியமாக விலக்கியிருப்பார். இரண்டாவது படத்தை எடுத்தவர் ஆலைக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கால்வாயை விலக்கியிருப்பார். இரண்டும் பொய்யல்ல, ஆயினும் இரண்டும் பாதிக் கணக்கே. தொழிலையும் இயற்கையையும் ஒரே படத்தில் அடக்கிக் காட்டுவது எப்படி, அதனால் நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் விளையும் பயன் என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பயிற்சிக்குத் தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் போன்று வாய்ப்பான வட்டாரம் வேறு கிடைப்பது அரிது. மலை, ஏரி, சதுப்பு நிலம், புதர்க்காடு ஆகிய நான்கும் இங்குண்டு. கல் குவாரி, தோல் ஆலை, ஏற்றுமதித் தொழிற்பேட்டை, வானளாவும் அலுவலகக் கட்டடம் ஆகியவையும் இங்குண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே சென்றுவிடலாம்.

மலையும் குவாரியும்

மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போதும், திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் நிற்கும்போதும் நம் கண்ணில் படுவது ஒரு குன்றுத் தொடர். அதன் ஒரு முகம் பசுமையானது. மற்றொரு முகம் கத்தியால் அரிந்த பாகற்காய்த் துண்டைப்போல் வெட்டுண்டு நிற்கிறது. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பகுதிகளின் கருங்கல் உலகப் புகழ் வாய்ந்தது. கல்கத்தா நகரின் தொடக்க வரலாற்றோடு தொடர்புடைய ஆங்கிலேயர் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை 1893-ஆம் ஆண்டில் ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியல் அறிஞர், அது சென்னைப் பகுதிப் பாறையே என்று கண்டு, அப்பாறை வகைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். அப்பெயர் இன்று உலகெங்கும் நிலவியல் நூல்களில் வழங்குகிறது. பரங்கிமலையிலுள்ள அப்பாறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்று. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான பாறை அது.

அதே பாறைதான் ஜல்லியாக உடைக்கப்பட்டு நம் வீடுகளின் தளத்திலும் சாலைகளின் அடியிலும் கிடக்கிறது. சங்கக் கட்டடம் கட்டியபோது வாங்கிய ஜல்லிக்கான ரசீது நம் பேரேட்டில் இருக்கும். அந்த ஜல்லியைக் கொடுத்த மலைக்கு ஏற்பட்ட குறைவு எந்தப் பேரேட்டிலும் இராது. வெட்டுண்ட மலைமுகத்தையும், அதன் முன்னால் எழுந்து நிற்கும் அடுக்கு மாடிக் கட்டடத்தையும் ஒரே படத்தில் எடுத்துப் பாருங்கள். கல் எங்கிருந்து எங்குச் சென்றது என்பதை அப்படம் ஒரு சொல்லும் எழுதாமலே கூறிவிடும்.

தோண்டுவதெல்லாம் இழப்பே என்றும் கூறிவிட முடியாது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் பல்லாவரத்தில் செம்புறைச் சரளைக் குழி ஒன்றில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்றாக அமைந்தது அக்கருவி. சரளைக்காக மண்ணைத் தோண்டியிராவிட்டால் அக்கோடரி வெளிப்பட்டிராது. அதுவும் ஒரு தொழிற்கருவியே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இம்மண்ணில் மனிதன் கருவி செய்து இயற்கையை அறுக்கத் தொடங்கியது நேற்றன்று. அறுக்கும் அளவும் வேகமுமே மாறியிருக்கின்றன.

காற்றுக்குப் பெயர்பெற்ற ஊர்

தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அப்பெயரின் வரலாற்றைப் பயணிகளில் எத்தனை பேர் அறிவர்? காசநோய்க்கு மருந்து காணப்படாத காலத்தில் தூய காற்றும் வெயிலும் ஓய்வுமே சிகிச்சையாக இருந்தன. அக்காற்றை நாடி டாக்டர் டேவிட் சவுரி முத்து 1928-ஆம் ஆண்டில் இங்கே காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ஆம் ஆண்டில் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு நீங்கித் தாம்பரத்தில் 365 ஏக்கர் நிலத்தில் குடியேறியது. அக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் செடிகொடிகளை ஆராய்வதிலும் வளர்ப்பதிலும் பேரார்வம் கொண்டவர்; இன்று அவ்வளாகத்தில் காணும் மரச்செறிவுக்கு அவர் போன்றோரின் உழைப்பே காரணம்.

காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே சானடோரியம் பகுதியில் 1984-ஆம் ஆண்டில் சென்னை ஏற்றுமதிப் பதப்படுத்தும் மண்டலம், சுமார் 260 ஏக்கரில் அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. நம் சங்க அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலரும் அத்தகைய தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்று, தறியும் ஏரும் தராத மாதச் சம்பளத்தை வீட்டிற்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதை மறைத்து எடுக்கும் படமும் பாதிக் கணக்கே. காலையில் வேலைக்குச் செல்லும் பெண்களின் வரிசையையும், அவர்களுக்குப் பின்னால் தெரியும் மரங்களையும் சேர்த்து எடுக்கும் படத்தில்தான் இந்த ஊரின் உண்மை இருக்கிறது.

தோலின் கதையும் இத்தகையதே. குரோம் லெதர் கம்பெனியை 1912-ஆம் ஆண்டில் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் தொடங்கினார். அத்தொழிலின் பெயரே குரோம்பேட்டை என்று ஓர் ஊரின் பெயராயிற்று. அதனை அடுத்த பம்மல், பல்லாவரப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின. அவற்றின் கழிவு நிலத்திலும் கிணற்றிலும் இறங்கியது. பல ஆலைகளின் கழிவு நீரை ஒன்றாகச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் 1990-களில்தான் இங்கே ஏற்பட்டது. தமிழகத் தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை நாட்டின் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது. செலவுப் பக்கத்தை எழுதாமல் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம் என்று கூட்டுறவாளர் மொழியில் சொல்லலாம்.

பறவைகளும் குப்பை மேடும்

புகைப்படம் எடுப்போர் தென்சென்னையில் அதிகமாகக் கூடும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கிறது. விவசாயி இதனைத் தன் வயலின் வடிகாலோடு ஒப்பிட்டு எளிதில் புரிந்துகொள்வார். வடிகால் அடைபட்டால் வயல் என்னாகும்? ஊரும் அவ்வாறே ஆகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய அடையாற்றுக் கரையூர்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பள்ளிக்கரணையில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்படுகின்றன. பூநாரையும் கூழைக்கடாவும் நாமக்கோழியும் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் பருவமும் உண்டு. அதே நிலத்தின் ஒரு பகுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 1980-களின் பிற்பகுதி முதல் வளர்ந்து ஒரு மலையாயிற்று. மறுபுறம் கண்ணாடிச் சுவர்களோடு கணினி நிறுவனங்களின் கட்டடங்கள் நிற்கின்றன. 2007-ஆம் ஆண்டில் 317 ஹெக்டேர் பரப்பு காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 2020-களின் தொடக்கத்தில் பழங்குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையும் தொடங்கப்பட்டது.

இந்த மாற்றத்திற்குப் புகைப்படங்கள் செய்த துணை சிறிதன்று. வெறும் பூநாரைப் படம் "என்ன அழகு" என்று சொல்லவைக்கும். வெறும் குப்பைப் படம் முகத்தைத் திருப்பவைக்கும். குப்பை மேட்டின் புகை பின்னால் எழ, முன்னால் பூநாரைகள் இரை தேடும் படமோ, பார்த்தவரைக் கேள்வி கேட்கவைக்கிறது: இந்தப் பறவை எங்கே போகும்? இந்தக் குப்பை யாருடையது? நம் வீட்டு வாசலில் நாம் போட்ட பொட்டலம்தானே அங்கே சென்றது? ஒரே படத்தில் இரண்டையும் காணும்போதுதான் அக்கேள்விகள் பிறக்கின்றன.

காயம் ஆறிய இடம்

இவ்வாறு எழுதுவதால் ஆலை என்றால் தீமை, இயற்கை என்றால் நன்மை என்று நாம் கட்சி கட்டுவதாக எவரும் கொள்ள வேண்டாம். மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக் காட்டைப் பாருங்கள். அக்காட்டின் நடுவில் கைவிடப்பட்ட கல் குவாரி ஒன்று உண்டு. கல்லுடைப்போர் சென்றபின் அப்பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் குளமாயிற்று. செங்குத்தாக வெட்டப்பட்ட பாறைச் சுவரின் இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியேறியது. அவ்வாந்தையைப் படமெடுப்பதற்காகவே தொலைவிலிருந்து ஆர்வலர்கள் வருகிறார்கள். உளி விட்டுச் சென்ற தழும்பே பறவைக்கு மாடமாயிற்று.

எனவே குவாரி வெட்டினால் நல்லதென்று முடிவு கட்டிவிடலாமா? ஆகாது. அங்கே வேலை நின்றது, சுற்றிலும் காடு இருந்தது, நிலம் பாதுகாக்கப்பட்டது. இம்மூன்றும் கூடியதால் அந்தக் காயம் ஆறியது. இவை இல்லாத குவாரி குப்பைக் குழியாவதையும் நாம் பார்க்கிறோம். நல்ல படம் இந்த வேறுபாட்டையும் காட்டவல்லது: ஆந்தையை மட்டும் பெரிதாக்காமல், உளித் தழும்பும் குளமும் காடும் அதனோடு தெரியும்படி எடுத்தால் போதும்.

அழகு செய்யும் தீங்கு

உலகில் பலர் இத்துறையில் உழைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் சுனில் ஜனா 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்தவர். பின்னர் பழங்குடி மக்களின் வாழ்வையும், எழுந்துவந்த ஆலைகளையும் தம் காமிராவில் பதிவு செய்தார். ஜப்பான் நாட்டு மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் இரசாயன ஆலையொன்று கடலில் விட்ட பாதரசம் மீன் வழியே மீனவர் உடம்பில் ஏறியது. அந்நோய் 1956-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அமெரிக்கரான யூஜின் சுமித்தும் அவர் மனைவி அய்லீனும் 1971-ஆம் ஆண்டு முதல் அவ்வூரிலேயே தங்கிப் படம் எடுத்தார்கள். அப்படங்கள் உலகின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பின.

கனடா நாட்டு எட்வர்ட் பர்டின்ஸ்கி சுரங்கங்களையும் குவாரிகளையும் மிகப் பெரிய படங்களாக எடுத்துப் புகழ்பெற்றவர். 1996-ஆம் ஆண்டில் சட்பரி என்னுமிடத்தில் நிக்கல் சுரங்கக் கழிவு ஓடிய ஓடையை அவர் படமெடுத்தார். கரிய மண்ணின் நடுவே செக்கச்சிவந்த ஆறு. அதைப்போல் அழகிய படம் காண்பது அரிது. அங்கேதான் ஓர் ஆபத்தும் உண்டு. நஞ்சும் படத்தில் அழகாகத் தோன்றிவிடும்.

இதை நெசவாளர்கள் நன்கு உணர்வார்கள். சாயத் தொட்டியிலிருந்து வழியும் நீர் கருநீலமும் கருஞ்சிவப்புமாகக் கால்வாயில் ஓடும்போது கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1992-ஆம் ஆண்டில் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென எழுந்து, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாய் மாறியது. கீழேயுள்ள விவசாயிகள் அணை நீர் வேண்டாமென்று கூறும் விபரீத நிலை ஏற்பட்டது. கழிவு நீரை முற்றும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடப்பட்டதும் துன்புற்றவர் யார்? தொழிலாளர்களே. அணை நீர் கெட்டபோது துன்புற்றவர் யார்? விவசாயிகளே. நெசவாளரும் விவசாயியும் ஒரே இதழைப் படிக்கும் நாம் இவ்விருவர் துன்பத்தையும் ஒரே படத்தில் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

தாம்பரம் வட்டாரத்திலேயே அடையாற்றங்கரையில் அனகாபுத்தூர் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான 'மெட்ராஸ் கைக்குட்டை'த் துணியால் பெயர்பெற்று, அச்சந்தை ஒடுங்கியபின் வாழை நார் முதலிய இயற்கை நார்களைக் கொண்டு சேலை நெய்யும் நெசவாளர்கள் அங்கே இருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டில் அவ்வூரும் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. தறியும் ஒரு தொழிலே; ஆறு அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆலையையும் ஏரியையும் படமெடுக்கப் புறப்படும் நாம், நம் தறிக்கூடத்தின் பின்வாசலையும் ஒரு படம் எடுத்துவிட்டுப் புறப்படுவதே நேர்மை.

படம் எடுக்கும் முறை

இதற்கு விலையுயர்ந்த காமிரா தேவையில்லை. கையிலுள்ள கைப்பேசி போதும். ஆனால் சில விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலாவது, நிற்கும் இடம். ஏரியின் மதகு, கலங்கல், பாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்று எளிதில் இடம்பெயராத கட்டுமானம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்று அதே திசையை நோக்கி எடுக்க வேண்டும். படத்தின் ஒரு மூலையில் அக்கட்டுமானத்தின் ஒரு பகுதி தெரியட்டும். ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் சுருங்குகின்றனவா என்பதை அறியப் பவேரிய நாட்டுக் கணித அறிஞர் பின்ஸ்டர்வால்டர் 1880-களின் இறுதியில் கையாண்ட முறை இதுவே. ஒரே இடத்திலிருந்து பல ஆண்டு எடுத்த படங்கள் ஒன்றோடொன்று பேசும். வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்தவை வெறுமே அருகருகே கிடக்கும்.

இரண்டாவது, பருவம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிரம்பியிருக்கும் தை மாதத்தில் ஒன்று; நீர் வற்றி நிலம் வெளிப்படும் வைகாசியில் ஒன்று. ஆண்டுக்கு இரண்டு படம் போதும். நிரம்பிய ஏரியில் மறைந்திருக்கும் ஆக்கிரமிப்பு, வற்றிய ஏரியில் தெரிந்துவிடும். வற்றிய ஏரியைத் தரிசு நிலமென்று எவரேனும் வாதித்தால், தை மாதப் படம் விடை கூறும்.

மூன்றாவது, வெளிச்சம். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால் நீரின் நிறமும் கட்டடத்தின் முகமும் தெளிவாக விளங்கும். புகையைக் காட்ட வேண்டுமானால் எதிர்வெயிலே ஏற்றது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் காற்று தெளிந்திருக்கும். தொலைவிலுள்ள குன்றும் கட்டடமும் அன்று நன்கு விழும்.

நான்காவது, தூரம். இதில்தான் காமிரா நம்மை ஏமாற்றும். வெகு தொலைவில் நின்று, தொலைப்பொருளைப் பெரிதாக்கும் லென்ஸினால் எடுத்தால், ஒரு மைலுக்கு அப்பாலுள்ள புகைபோக்கி கொக்கின் தலைமேலேயே நிற்பதுபோல் தோன்றும். அகன்ற காட்சியைப் பிடிக்கும் லென்ஸினால் அருகில் நின்று எடுத்தால், பக்கத்திலுள்ள ஆலை எங்கோ தொலைவில் சிறுத்து நிற்கும். ஒன்று குற்றத்தைப் பெருக்குகிறது, மற்றொன்று மறைக்கிறது. பெரிதாக்காமலும் அகலப்படுத்தாமலும், கண்ணுக்குத் தெரியும் அளவிலேயே எடுப்பது நேர்மையான வழி. அவ்வாறு செய்ய இயலாதபோது, எந்த இடத்திலிருந்து எவ்வளவு பெரிதாக்கி எடுத்தோம் என்பதைக் குறித்துவிட வேண்டும். நிறத்தை மாற்றுவதும், வேண்டாததை அழிப்பதும் கணக்கைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, அனுமதி. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இவ்வட்டாரத்தில் இருப்பதால், ஆளில்லா வானூர்தியை அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. பாதுகாப்புத் துறைக்குரிய இடங்களைப் படமெடுக்கவும் கூடாது. காப்புக் காட்டில் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஜல்லி சுமக்கும் பெண்ணையும் குப்பை பொறுக்கும் சிறுவனையும் கேளாமல் படமெடுப்பது பண்பாகாது. அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். நம்மைப் போல் உழைப்பவர்கள்.

சங்கத்திற்கு ஒரு படப் பேரேடு

நிற்க, இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சட்டம் இருக்கிறது, ஆனால் ஏரி முன்பு எங்குவரை பரந்திருந்தது, வரத்துக் கால்வாய் எவ்வழியே வந்தது என்று கேட்கும்போது, "எங்கள் தாத்தா காலத்தில்..." என்றே ஊரார் தொடங்குகிறார்கள். தாத்தாவின் நினைவுக்கு மதிப்புண்டு. எனினும் தேதியிட்ட படத்துக்குள்ள உறுதி அதற்கு இல்லை. சிட்லபாக்கம் ஏரியை 2019-ஆம் ஆண்டின் வறட்சியில் ஊர் மக்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள்; பின்னர் அரசும் அதன் சீரமைப்புக்கு நிதி ஒதுக்கியது. ஊரார் தாமே கண்காணிக்கும் ஏரிக்கு உதவியும் விரைந்து வருகிறது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

ஆதலால் ஒவ்வொரு சங்கமும் ஒரு படப் பேரேட்டைத் தொடங்கலாம் என்பது நம் யோசனை. செலவு அதிகமில்லை. ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம், ஆண்டுக்குச் சில படங்களை அச்சிடும் கூலி, அவ்வளவே. விவசாயிகள் சங்கம் தன் ஆயக்கட்டு ஏரியின் மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகிய மூன்று இடங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். நெசவாளர் சங்கம் சாயக்கூடத்தின் வடிகால், அது சேரும் இடம், அருகிலுள்ள கிணறு ஆகிய மூன்றையும் எடுக்கட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, சங்கச் செயலாளர் கையொப்பமிட வேண்டும். தேதியும் கையொப்பமும் இல்லாத ரசீதைத் தணிக்கையில் எவரும் ஏற்பதில்லை, படமும் அப்படியே. மூலப் பதிவை மாற்றாமல் தனியே சேமித்து வைப்பதும் அவசியம். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்பதற்கு, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியமம் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழைக் கேட்கிறது. ஒழுங்காகக் குறித்து வைத்தவருக்கு அதை அளிப்பது எளிதாகும்.

இப்பேரேட்டை ஆண்டுப் பொதுப் பேரவையில் வரவு செலவுக் கணக்கோடு வைத்து அங்கத்தினர்களுக்குக் காட்ட வேண்டும். லாபம் இவ்வளவு என்று படிக்கும் அதே நாளில், கால்வாயின் நீர் சென்ற ஆண்டு இருந்த நிறத்திலா இருக்கிறது என்பதையும் அங்கத்தினர்கள் பார்க்கட்டும். நீர் தெளிந்திருந்தால் மகிழலாம். கலங்கியிருந்தால், பிறர் வந்து குற்றம் சாட்டுமுன் நாமே திருத்திக்கொள்ளலாம். சாயக் கழிவைத் தனியொருவர் சுத்திகரிக்க முடியாது. சங்கமாகச் சேர்ந்தால் முடியும். ஏரிக்கரையைத் தனியொருவர் காக்க முடியாது; ஊராகச் சேர்ந்தால் முடியும். கூட்டுறவின் பொருளே அதுதான் அல்லவா?

படம் எடுப்பதற்கு இளைஞர்களை நியமியுங்கள். சங்கத்தின் பக்கமே வராத அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கைப்பேசியில் படம் எடுக்கத் தெரியும். எந்த மதகில் நிற்க வேண்டும் என்பதை முதியவர் சொல்ல, எப்படி எடுக்க வேண்டும் என்பதை இளைஞர் செய்ய, இருவரும் ஒரே கரையில் நிற்கும் நாளே அச்சங்கத்துக்கு நன்னாள். வருகிற தை மாதத்தில் ஏரிகள் நிரம்பியிருக்கும். முதற்படத்தை அன்றே எடுத்து, பேரேட்டின் முதற்பக்கத்தில் ஒட்டி, தேதியிட்டு வைப்பார்களாக.